விளக்குக்காரியின் வலது கை

மார்ச் 2

பட்டாசு,

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று தாள் கிழித்தாயிற்று. இது நாலாவது. இதையும் கிழிப்பதற்குள் உறையில் போட்டு ஒட்டிவிடப் போகிறேன்.

உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். "எழுதறதுதான் எழுதற, ஸ்வெட்டர் போடறாளான்னு கேளு" என்றார். உன் தீவில் போனுக்கு சிக்னல் கிடையாது, வானிலை ஆபீஸ் ரேடியோவில் காற்றையும் மழையையும் தவிர வேறு பேச்சு கூடாது, பதினைந்து நாளைக்கு ஒரு படகு என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறாய். இரண்டிலும் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. தேடிப் பார்த்தேன். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

சரி, சண்டை போட எழுதவில்லை. ஒரு யோசனை கேட்கத்தான்.

ஜூன் பதினாலு நம் சண்டை வீடியோ கேமுக்கு நகரத் தகுதிப் போட்டி. இந்தத் தடவை ஜெயிக்கிறவருக்கு ஒரு அணியில் இடம் தருகிறார்கள். ஒரே இடம். இரண்டு வருடம் வேறு வேலை பார்க்காமல் ஒன்பது வாசல் விளையாடிக்கொண்டே இருக்கலாம். எனக்கு முப்பத்திரண்டு ஆகிறது. இன்னொரு முறை கேட்க மாட்டார்கள். இது எனக்கு வேண்டும் பட்டாசு. வாழ்க்கையில் எதையும் இவ்வளவு ஆசையாக நான் கேட்டதில்லை, உன் அண்ணன் உட்பட.

சிக்கல் ஆட்டத்தில் நம் ஆளான விளக்குக்காரியில்தான். நம் கதையை உனக்கே சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எழுதினால்தான் எனக்கே புரிகிறது. பஸ் படியில் வழுக்கி என் வலது மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டோடு சோபாவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வந்து என் வலது பக்கம் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். "நீங்க ஸ்டிக்கைப் பிடிங்க அண்ணி, பட்டனை நான் பாத்துக்கறேன்" என்றாய். மந்தம் என்று யாரும் சீண்டாத ஆளாகப் பார்த்து எடுத்தோம். நீளக் கழி, நுனியில் விளக்கு, ஓட மாட்டாள், எதிராளி கிட்டே வரட்டும் என்று நிற்பாள். நான் நிறுத்துவேன், நீ அடிப்பாய். நடுவில் ஒரு மூச்சு இடைவெளி விழும். அந்த இடைவெளியில்தான் எல்லோரும் ஏமாந்து காலை வைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகும் நாம் அப்படியே உட்கார்ந்தோம், மூன்று வருடம், ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக.

இப்போது இரண்டு கையும் என்னுடையது. பல் செய்யும் லேபுக்குக் கிளம்பும் முன் தினம் ஒரு மணி நேரம் பழகுகிறேன். இடது கை தன் வேலையைச் செய்கிறது. வலது கை பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எதற்கென்று கேட்டால் உனக்குத்தான். நீ அடிப்பாய் என்று அது சும்மா இருக்கிறது. அதற்குள் நான் செத்துப்போகிறேன்.

போன வாரம் தற்செயலாக நீச்சல்காரியை எடுத்தேன். ஈரத் தலையோடு தரையோடு தரையாக வழுக்கிப் போய் எதிராளியின் மூக்கருகே எழுவாளே, அவள்தான். என் வலது கை ஒரு கணம்கூட நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. தண்ணீருக்குள் இருப்பதுபோல் எனக்கு வெளிச் சத்தமே கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பஸ் போயிருந்தது.

மாற்றட்டுமா? நீ சொல்.

உன் அண்ணி

மார்ச் 19

அண்ணிக்கு,

வேண்டாம்.

கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். படகு கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருப்பதால் மீதியையும் எழுதுகிறேன்.

காலையில் ஒரு பலூன், மாலையில் ஒரு பலூன். வாயு நிரப்பி, நூலில் கருவியைக் கட்டி, கொட்டகைக்கு வெளியே வந்து விட வேண்டும். பத்து எண்ணுவதற்குள் மூடுபனிக்குள் போய்விடும். பிறகு அது மேலே இருந்து எண்களை அனுப்பும், நான் எழுதிக்கொள்வேன். இங்கே நான்கு பேர் இருக்கிறோம். யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

உங்கள் வலது கை பல்லில் ஊசிமுனைக் கோடு போடுகிற கை. அதற்குப் பட்டன் அமுக்கத் தெரியவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். அது சாக்குச் சொல்கிறது. இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையை மட்டும் பழக்குங்கள். ஒரு மாதத்தில் வரும்.

ஆளை மாற்றுவது உங்களுக்கு லேசாக வரும் என்பது எனக்குத் தெரியும். போன ஆகஸ்டில் பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே நான். இவளையாவது விட்டுவிடாதீர்கள்.

ஸ்வெட்டர் போடுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லவும்.

இப்படிக்கு, அவருடைய தங்கை

ஏப்ரல் 4

பட்டாசு,

"அவருடைய தங்கை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். படித்துவிட்டு உன் அண்ணன் சிரிக்கிறார். "ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை எதுக்கு இழுக்கறீங்க" என்று வெளியே கிளம்பிவிட்டார்.

நீ சொன்னபடி இடது கையைப் பின்னால் வைத்துப் பழகினேன். இரண்டு வாரம். என்ன ஆயிற்று தெரியுமா? வலது கை தேறவில்லை, இடம் வலமே குழம்பிவிட்டது. திங்கட்கிழமை ஒருவருக்கு மேல் வரிசையில் இடது கோரைப்பல் செய்ய வேண்டும். அச்சைப் பார்த்தேன், மெழுகில் செதுக்கினேன், வார்த்தேன், மெருகு போட்டேன், நிறம்கூட அப்படியே பொருந்தியது. அழகான பல். வலது கோரைப்பல். முதலாளி அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, கண்ணாடியைப் பாத்துக்கிட்டே செதுக்கினியா?" என்றார். பதினோரு வருடத்தில் இது முதல் தப்பு. அந்தப் பல்லை மேசையில் வைத்திருக்கிறேன். யாருக்கும் பொருந்தாது.

சனிக்கிழமை கேம் சென்டரில் ஒரு சின்னப் போட்டி. விளக்குக்காரியோடுதான் போனேன், கோபிக்காதே. எதிரில் ஒரு கல்லூரிப் பெண். நாம் விளையாடும்போது பின்னால் வந்து நின்று நகம் கடித்துக்கொண்டே பார்ப்பாளே, சிவப்புப் பை, அவள்தான். ஆட்டம் தொடங்கும்போது அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "அக்கா, பக்கத்துல யாராவது உக்காரணுமா?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தால் நான் நாற்காலியின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வலது பாதி காலி. நானே ஒதுங்கி இடம் விட்டிருக்கிறேன், தெரியாமலே. "இல்லம்மா, யாரும் இல்ல" என்றேன். அதைச் சொல்லிவிட்டு எப்படி ஜெயிப்பது?

ஆகஸ்ட் என்று குத்திக் காட்டியிருக்கிறாய். நானும் சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டியின் மூன்றாவது சுற்றில் மேற்பார்வையாளர் வந்து, ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள்தான், ஒருத்தர் எழுந்திரிக்கணும் என்றார். நீ எழுந்தாய். நான் எழவில்லை. உன்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் நானும் எழுந்துவிடுவேன் என்று பயம். எனக்கு ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது. ஒரு நிமிடத்தில் தோற்றேன். திரும்பினால் நீ இல்லை. பத்து நாளில் ஊரிலேயே இல்லை. படகுத்துறைக்கு நான் வரக்கூடாது என்று உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பினாய்.

நான் செய்தது தப்பு. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தை, "நான் உக்காரட்டுமா" என்று. அந்த ஒரு வார்த்தை இல்லாமல் போனதால் நீ கடலைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறாய். மன்னித்துவிடு. இதை எழுதத்தான் அன்றைக்கு மூன்று தாள் கிழித்தேன்.

நீச்சல்காரியைத் தொடவில்லை. ஆசையாகத்தான் இருக்கிறது.

உன் அண்ணி

ஏப்ரல் 21

அண்ணி,

கோரைப்பல் கதையை இரண்டு தடவை படித்தேன். ரேடியோக்காரர் என்ன சிரிப்பு என்று கேட்டார். இவ்வளவு நாளில் நான் சிரித்து அவர் பார்த்ததில்லையாம். அந்தப் பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் கேட்டார். "சாப்பிடும்போது உங்க விரல் ஏன் மேசையில ஆடிக்கிட்டே இருக்கு?" பழக்கம் என்றேன். உங்கள் வலது கைக்கு நான் வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என் வலது கை இங்கே மேசையை அடித்துக்கொண்டிருக்கிறது. முன்னால் தட்டுதான் இருக்கிறது.

இங்கே இப்போது மூடுபனிக் காலம். பனி என்றால் கொட்டகைச் சுவரில் கை வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். போன வாரம் காலைப் பலூனை விட்டுவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டேன். விளக்குக்காரி வெளியே நடக்கிறாள். விளக்கு மட்டும் தெரிகிறது, மஞ்சளாக, தரையிலிருந்து ஆள் உயரத்தில். நான் ஜன்னலைத் தட்டுகிறேன். அவள் நின்றாள். எந்தப் பக்கம் திரும்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியது நீங்கள், நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். அப்படியே நின்றுகொண்டிருந்தாள். எழுந்த பிறகும் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பலூனின் எண்களை எழுத மறந்து, பிறகு பதிவு நாடாவைப் பின்னோக்கி ஓட்டி எழுதினேன்.

மாற்றாதீர்கள் என்று ஏன் சொன்னேன் என்று யோசித்தேன். ஆட்டத்துக்காகச் சொல்லவில்லை. நீச்சல்காரி உங்களுக்குப் பொருந்துவாள் என்று எனக்கும் தெரிகிறது. அவசரக்காரி, வம்புக்காரி, நேராக மூஞ்சியில் போய் நிற்பவள். உங்களைப் போலவே இருக்கிறாள். ஆனால் அண்ணி, நான் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தேன், பள்ளிக்கூடம் போனேன், வேலைக்குப் போனேன், யாருக்கும் நான் ஒரு பொருட்டாகத் தெரிந்ததில்லை. கேம் சென்டரில் விளக்குக்காரி எழுந்து நிற்கும்போதுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளில் பாதி நான். அவளை நீங்கள் விட்டுவிட்டால் அந்த ஊரில் நான் இருந்ததற்கு ஒன்றுமே மிஞ்சாது. இதுதான் உண்மை. சின்னப்பிள்ளைத்தனம்தான், தெரிகிறது.

மன்னிப்பைப் பற்றி இப்போது எழுதவில்லை. படகு ஊதிவிட்டது.

பட்டாசு

மே 8

பட்டாசு,

உன் கடிதம் வந்தது. அடுப்படியில் நின்றபடியே படித்தேன், பால் பொங்கிவிட்டது.

முடிவு செய்துவிட்டேன். விளக்குக்காரிதான். இனி இதைப் பற்றிப் பேச்சில்லை. அந்த இடத்தைத் தருகிற அணிக்காரர் நேற்று பார்க்க வந்திருந்தார். நான் விளையாடியதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க கண்ணு முன்னாடியே போயிடுது, கை பின்னாடி வருது" என்றார். ஆளை மாற்றிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டார். முடியாது என்றேன். ஏன் என்றார். "வீட்டு விஷயம்" என்றேன்.

ஐந்து ஆட்டத்தில் நான்கு தோற்கிறேன். பரவாயில்லை. ஜூனில் என்ன நடக்குமோ நடக்கட்டும். நாற்காலியில் அன்றைக்கு உன்னை விட்டேன், இதில் விட மாட்டேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

லேபில் வேலை அதிகம். மூன்று முழுப் பல் செட். கண் எரிகிறது. வைக்கிறேன்.

உன் அண்ணி

மே 24

அண்ணி,

உங்கள் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததில்லை. கேலி இல்லை, முதலாளி இல்லை, அண்ணன்கூட இல்லை. ஐந்து ஆட்டத்தில் நான்கு தோற்றுவிட்டுப் பரவாயில்லை என்கிற ஆள் நீங்கள் இல்லை. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு நீங்கள் என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி.

நான் நாற்காலிக்காகப் போகவில்லை.

இந்த வேலைக்கு நான் கையெழுத்துப் போட்டது போன வருடம் ஜூனில். போட்டிக்கு இரண்டு மாதம் முன்னால். ஆகஸ்ட் கடைசியில் சேர வேண்டும் என்று கடிதம் வந்தது, அதை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். தினமும் சாயங்காலம் உங்கள் பக்கத்தில் உட்காரும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நீங்கள் "நாளைக்கு அந்தச் சுழற்றி அடிக்கிறதைப் பழகலாம்" என்பீர்கள். சரி என்பேன். உங்களிடம் போகிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் அழுவீர்கள், அழுதால் போக மாட்டேன்.

அந்த மேற்பார்வையாளர் வந்து ஒருத்தர் எழுந்திரியுங்கள் என்றபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை அண்ணி. அப்பாடா என்றிருந்தது. எனக்கு ஒரு சண்டை கிடைத்துவிட்டது. கோபித்துக்கொண்டு போனவளாகப் போனால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் உட்கார்ந்தது தப்பே இல்லை. உட்காராமல் இருந்திருந்தால் நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பேன்.

பிறகு நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதினீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒருவர் எனக்காக வருந்துவது எனக்குப் புதிதாக இருந்தது, சுகமாகக்கூட இருந்தது, அதனால் வைத்துக்கொண்டேன். உங்கள் ஒன்பது மாதத்தை அதற்காகச் செலவழித்திருக்கிறேன். இதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை.

மாற்றுங்கள். நீச்சல்காரியை எடுங்கள். எனக்கு நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

கடல் நான்கு நாளாகக் கொந்தளிக்கிறது. படகு வராது என்கிறார்கள். ரேடியோவில் ஒரே ஒரு வார்த்தை அனுப்பக் கேட்டேன், கூடாது என்றுவிட்டார்கள். தினம் துறைக்குப் போய்ப் பார்க்கிறேன்.

பட்டாசு

ஜூன் 15

பட்டாசு,

நேற்று போட்டி. என் கடைசிக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வராத நிலையில்தான் நான் போனேன். இதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் ஆட்டம் விளக்குக்காரி. தோற்றேன். ஒரு தோல்விக்கு மன்னிப்பு உண்டு, இரண்டாவதற்கு வீட்டுக்குப் போகலாம். அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்தேன். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் திரை. கட்டம் அவள் முகத்தில்தான் நிற்கிறது. இருபது நொடி ஓடுகிறது. கூடத்தில் முந்நூறு பேர் சத்தம், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உன்னை நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே திரும்பத் தெரியாமல் நின்றவளையும் நினைத்தேன். எனக்குத் தோன்றியது இதுதான்: நான் தோற்றால் நீ அதைத் தெரிந்துகொள்வாய், உனக்காகத் தோற்றேன் என்று அந்தத் தீவில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்க நினைப்பாய், அதை உன் தலையில் வைப்பதற்கு நான் யார்? இதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும். மூன்று நொடி இருக்கும்போது நீச்சல்காரி மேல் கொண்டுபோய் அமுக்கினேன். உன்னைக் கேட்காமல். இரண்டாவது தடவையாக.

அதற்குப் பிறகு தண்ணீருக்குள் இருந்தேன். ஏழு ஆட்டம். எதுவும் சரியாக நினைவில்லை. யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், யாரோ தோளைத் தட்டினார்கள். இறுதி ஆட்டத்துக்கு உட்கார்ந்தபோதுதான் மேலே வந்தேன். எதிரில் அந்தக் கல்லூரிப் பெண், அவளும் ஏற்கெனவே ஒன்று தோற்றவள்தான். என்னைப் பார்த்து வெட்கமாகச் சிரித்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். விளக்குக்காரியை எடுத்தாள்.

பட்டாசு, விளையாடும்போது நம் ஆளை நாம் பார்ப்பதில்லை. எதிராளியைத்தான் பார்ப்போம். மூன்று வருடத்தில் விளக்குக்காரியை நான் சரியாகப் பார்த்ததே கிடையாது. நேற்றுதான் பார்த்தேன். பொறுமையாக நிற்கிறாள். விளக்கு லேசாக ஆடுகிறது. கிட்டே போகவே பயமாக இருக்கிறது. எதிரில் உட்கார்ந்தவர்கள் நம்மை எப்படித்தான் தாங்கினார்களோ என்று நினைத்தேன். முதல் சுற்றில் என்னை அடித்துத் துவைத்துவிட்டாள்.

இரண்டாம் சுற்றில்தான் கண்டேன். அந்தப் பெண் தனியாள், இரண்டு கையும் அவளுடையதே, ஒரு மூச்சுகூடத் தாமதிக்க வேண்டிய அவசியம் அவளுக்கில்லை. ஆனாலும் நிறுத்துகிறாள், ஒரு மூச்சு விடுகிறாள், பிறகு அடிக்கிறாள். ஒவ்வொரு தடவையும். பின்னால் நின்று நம்மைப் பார்த்தே கற்றுக்கொண்டவள், நம் இடைவெளியையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். விளக்குக்காரி என்றால் அப்படித்தான் அடிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். நான் நிறுத்தி நீ அடிப்பதற்கு நடுவில் இருந்த அதே மூச்சு, அதே அளவு. அதை உலகத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? மறுபடி அது வந்தபோது உள்ளே புகுந்தேன். அடுத்ததிலும். அடுத்ததிலும்.

அந்தச் சுற்று எனக்கு. மூன்றாவதில் விளக்குக்காரி விழுந்தாள். விளக்கு அணையவில்லை, உருண்டு போய் ஓரத்தில் கிடந்தது. எல்லோரும் எழுந்து கத்தினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்து அணிக்காரர் கைக்குட்டை கொடுத்தார். அணியில் சேர ஆகஸ்ட் ஒன்றாம் தேதி கிளம்ப வேண்டும்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு மத்தியானம் தபால் வந்தது. மே 24 தேதியிட்ட உன் கடிதம். உறை நனைந்து காய்ந்திருந்தது.

படித்தேன். அடிப்பாவி. துணிக்கு அடியில் வைத்திருந்தாயா? பத்து மாதமாக அந்த நாற்காலியை நினைத்து நினைத்து நான் குமைந்திருக்கிறேன், பல்லை மாற்றிச் செதுக்கியிருக்கிறேன், உனக்கு அப்பாடா என்றிருந்ததாம். கையில் கிடைத்தால் இரண்டு வைப்பேன். உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை மாதிரி ஒரு சாதாரண மனுஷன் எப்படி வந்து மாட்டினான்" என்றார். கோபம் சாயங்காலம் வரை இருந்தது. பிறகு இல்லை. நீ சொல்லாமல் போனாய், நான் கேட்காமல் மாற்றினேன். கணக்குத் தீர்ந்தது என்று எழுதப் பார்த்தேன், அது கணக்கே இல்லை. உன்னை எனக்கு ரொம்பத் தேடுகிறது. அவ்வளவுதான்.

உன் அண்ணி

ஜூலை 1

அண்ணி,

படகு வந்தபோது நான் துறையில் நின்றேன். உறையை அங்கேயே கிழித்து, சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். ரேடியோக்காரர் மூன்று தடவை கூப்பிட்டாராம். அன்றைக்கு மாலைப் பலூன் கால்மணி தாமதம். பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் "குடும்பச் செய்தி" என்று எழுதினேன்.

நீங்கள் என்னைக் கேட்காமல் மாற்றியதில் எனக்குக் கொஞ்சம் வலித்தது. பொய் சொல்ல மாட்டேன், இனிமேல் உங்களிடம் எதையும் ஒளித்து வைக்கப் போவதில்லை. என் கடிதம் சமயத்தில் வந்து, நான் அனுமதி கொடுத்து, அதனால் மாற்றினீர்கள் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படி இல்லாததுதான் சரி. அந்தப் பெண்ணின் கையில் நம் மூச்சு அப்படியே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

விடுப்பு கிடைத்துவிட்டது. அடுத்த படகில் வருகிறேன். நீங்கள் கிளம்புவதற்கு முன் பன்னிரண்டு நாள் இருக்கும். நேற்று திடீரென்று நினைத்துக்கொண்டேன், நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூட எதிரெதிராக உட்கார்ந்ததில்லை. உங்கள் முகத்தைப் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன். அண்ணனிடம் இன்னொரு நாற்காலி வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

விளக்குக்காரியை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு ஸ்டிக் பிடிக்கவே தெரியாது, இடது கை மரக்கட்டை. முதல் நாள் அவள் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்பாள். பாவம் பார்க்காமல் அடியுங்கள் அண்ணி.

பட்டாசு